கரும்புக்காட்டுப் பெரியவரின் பல்செட்டு

வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஓர் ஆளும் இல்லை. கரையில் நிற்கும் நாங்கள் எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் பெண்ணின் அப்பா ஜாஃபெத் அதை ஓடவிட்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் தன் அண்ணனுடைய பல்செட்டு வந்து சேர வேண்டும் என்றார். வராவிட்டால் பெண்ணும் இல்லை, பேச்சும் இல்லை, வேனில் ஏறிக் கரும்புக்காட்டுக்கே திரும்பிவிடுவோம் என்றார். திருட்டுப் படகுக்காரன் வீட்டில் பெண் கொடுக்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் பெண்கள் மலிந்துபோகவில்லை என்றும் சொன்னார். மாப்பிள்ளையாகப் போகிற ஒபுரா தன் படகின் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி இதையெல்லாம் கேட்டான். அக்கேலோ என்கிற அந்தப் பெண்ணுக்காக அவன் எத்தனை காலமாகக் காத்திருந்தான் என்பது கரை முழுக்கத் தெரியும்.

நான் காரிலஸ். அலுவோ கரையில் ஆள் தூக்குகிறவன். எங்களுக்குப் படகுத்துறை கிடையாது. நீர்யானை பார்க்கவும் மீன்கழுகு பார்க்கவும் வருகிறவர்கள் கால் நனையாமல் படகேற என் தோள்தான் துறை. போகும்போது தூக்குவேன், வரும்போது தூக்குவேன். சாயங்காலம் ஆனால் என் தோள் என்னோடு பேசாது. அன்று காலை பெண் வீட்டார் எல்லோரையும் நான்தான் தூக்கிப் படகில் வைத்தேன். ஜாஃபெத்தையும் சேர்த்து. அந்த மனிதர் கோபத்தோடு ஏறினால் கனம் கூடுகிறவர்.

சம்பந்தம் பேசும் முன்னால் விருந்தாளிகளுக்கு ஏரியைச் சுற்றிக் காட்டவேண்டும் என்று ஒபுரா ஆசைப்பட்டான். அவனுடைய படகுக்கு 'நியார் நாம்' என்று பெயர். எங்கள் மொழியில் ஏரியின் மகள் என்று அர்த்தம். முகப்பில் இரண்டு பக்கமும் கண் வரைந்திருப்பான். கல்யாணமாகாத அவனுக்கு அதுதான் பெண்டாட்டி என்று நாங்கள் கிண்டல் செய்வோம். ஜாஃபெத் என் தோளிலிருந்து இறங்கும்போதே அந்தக் கண்களைப் பார்த்து, "மூத்தவ இவதானா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பெண்ணைப் பெற்றவர் பாய் விரித்து உட்கார்ந்த பிறகு வாய் திறக்கக் கூடாது. அதுதான் எங்கள் வழக்கம். அவருக்காக வேறொருவர் பேசுவார். இங்கே பேச வந்தவர் ஜாஃபெத்தின் அண்ணன் நப்தலி. படகு திரும்பிக் கரையேறியபோது நப்தலியின் வாயில் பல் இல்லை. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்தக் கையிலும் இரண்டு விரல்கள் இல்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் பொக்கை வாயோடு நிற்பது எங்கள் ஜனங்களிடையே உடுத்தின துணி அவிழ்ந்து நிற்பது மாதிரி.

டோர்கஸ் அக்காவைக் கூட்டிவரச் சொல்லி ஒபுராவின் அம்மா என்னை அனுப்பினாள்.

டோர்கஸ் அலோச் ஏரிக் கப்பலில் காலமெல்லாம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் எடுக்காதவன் கழுத்தை எந்தப் பக்கம் திருப்புவான் என்பது அவளுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு கரையில் எது காணாமல் போனாலும் அவளிடம்தான் வருவார்கள். கோழி, சைக்கிள், ஒரு தடவை ஒரு பாதிரியார். அவளுக்கு எடுபிடி நான். கூலி வறுத்த வேர்க்கடலை.

குடையை விரித்துக்கொண்டு வந்து முதலில் ஜாஃபெத்தைப் பேசவிட்டாள். அவர் கதை இது. படகில் ஏறியதும் மிதவைச் சட்டை மாட்டிவிடுகிறேன் என்று ஒபுராவின் கையாள் தல்மாஸ் அண்ணன் மேல் விழுந்து தடவினான். படகு ஆடும் என்று அண்ணன் பல்லைக் கழற்றிக் கோட்டுப் பையில் அப்போதுதான் வைத்திருந்தார். தல்மாஸ் அதை அடித்துவிட்டான். ஊர் முன்னால் எங்களை வாய் பேச முடியாதவர்களாக ஆக்கி, பெண்ணுக்காகத் தர வேண்டிய மாடுகளைக் குறைத்துப் பேசத்தான் இந்த ஏற்பாடு.

அக்கா நப்தலியைப் பார்த்து, அப்படித்தானா என்று கேட்டாள். அவர் கழுத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டாள்.

"யார் கழுத்து திரும்புதுன்னு பார்த்தியாடா?"

"கழுகைப் பார்க்கறாருக்கா."

"பார்க்கட்டும். நீ என்னைத் தூக்கு."

தூக்கினேன். கப்பல் சாப்பாட்டில் வளர்ந்த உடம்பு. படகில் வைத்ததும் அவள் குனிந்து பலகைகளுக்கு அடியில் தேட ஆரம்பித்தாள். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுப் பலகையின் அடியிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து கடலையோடு போட்டுக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். சொல்ல மாட்டாள். கடைசிப் பக்கம் வரை பொத்திவைப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

தல்மாஸைக் கூப்பிட்டு, கழுகு வேலையை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அது ஏரியில் எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். சின்ன ஜிலேபி மீனைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துண்டு கோரைத் தண்டைச் செருகுவோம். தண்டு காற்றடைத்த மாதிரி லேசு. மீன் முங்காமல் மிதக்கும். சீட்டி அடித்துவிட்டு வீசினால் கழுகு மரத்திலிருந்து இறங்கி வந்து அள்ளிக்கொண்டு போகும். படம் எடுக்கிறவர்கள் கைதட்டுவார்கள். தண்டு இல்லாவிட்டால் மீன் கல் மாதிரி போய்விடும். கழுகு வெறும் காலோடு திரும்பிப் போகும், விருந்தாளி முகம் சுண்டிவிடும்.

தல்மாஸ் தலையைச் சொறிந்தான். கடைசியாகக் கோரைக்காட்டு முனையில் வீசிய மீன் முங்கிவிட்டது என்றான். ஏன் என்று தனக்கே தெரியவில்லை என்றான்.

ஒபுராவின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. தண்டுக்குப் பதிலாக யாரோ மீன் வயிற்றில் பல்லை வைத்திருக்கிறார்கள், அந்த மீன்தான் முங்கியது என்றான். அக்கா படகு எஞ்சினைக் கை காட்டினாள்.

கோரைக்காட்டு முனையில் தண்ணீர் இடுப்பளவுதான். அதனால்தான் அங்கே நீர்யானைகள் குடும்பத்தோடு படுத்திருக்கும். தல்மாஸ் மீன் விழுந்த இடத்தைக் காட்டினான். யார் இறங்குவது என்ற பேச்சே எழவில்லை. மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

கைவலையோடு இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் கிடந்த பெரிய நீர்யானை காதை ஆட்டியது. பிறகு வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. உள்ளே ஒரு பெட்டிக்கடை வைக்கலாம். ஒவ்வொரு பல்லும் என் முழங்கை நீளம்.

"அது வேணாம்டா," என்றாள் அக்கா படகிலிருந்து. "அளவு பெருசு."

"உங்களுக்கு வேணும்னா கேட்டுப் பார்க்கறேன்க்கா. நல்ல மாதிரி தெரியுது."

"நடுங்கிக்கிட்டே பேசினா வலை ஆடும். பேசாம அள்ளு."

அள்ளினேன். சேறு வந்தது, வேர் வந்தது, யாரோ தொலைத்த செருப்பு வந்தது. கடைசியில் கோரை வேரில் சிக்கிக் கிடந்த மீன் வந்தது. அதைப் படகில் எறிந்துவிட்டு நான் ஏறிய வேகத்தைப் பார்த்து நீர்யானையே திகைத்திருக்கும். ஒபுரா மீனைக் கையில் எடுத்தான். புரட்டினான். வயிறு கீறவே இல்லை. கத்தி வைத்துப் பிளந்தான். குடல் அப்படியே இருந்தது. பல் இல்லை.

எல்லோரும் தல்மாஸைப் பார்த்தோம். அவன் படகின் முகப்பைப் பார்த்தான். பெண்ணின் சித்தி மகள் ஒருத்தி மஞ்சள் உடுப்பில் எதிரே உட்கார்ந்திருந்தாளாம். அவள் சிரித்த நேரத்தில், சுத்தம் செய்யாத மீனை எடுத்து வீசிவிட்டானாம். அவ்வளவுதான் விஷயம். ஒபுரா அவனைத் தண்ணீரில் தள்ளாமல் விட்டதற்குக் காரணம், கழுவி எடுக்க நேரம் இல்லை என்பதுதான்.

ஒபுரா சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தூரத்தில் கரையில் வேனின் புகை தெரிந்தது. அக்கேலோ அந்த வேனில் ஏறிவிட்டால் பிறகு அவளைப் பார்க்கவிட மாட்டார்கள் என்று மெல்லச் சொன்னான். அதற்கு நான் செய்ய எந்த நையாண்டியும் இல்லை. அக்காதான் கைக்குட்டையை அவிழ்த்தாள்.

"காரிலஸு, கரும்புக்காட்டுக்காரன் கையில ஒரு தண்டு கிடைச்சா என்ன பண்ணுவான்?"

"கடிப்பான். வேற என்ன பண்ணத் தெரியும் அவங்களுக்கு."

"பல்லு இல்லாதவன்?"

"நக்குவான்."

"இது நக்கினதா?"

உள்ளங்கையில் நீட்டினாள். உரித்துக் கடித்து, சாற்றை உறிஞ்சித் துப்பிய சக்கை. கரும்புச் சக்கை மாதிரியே இருந்தது, ஆனால் கோரை. ஒரு ஓரத்தில் பல் பதிந்த அச்சு வரிசையாக இருந்தது. நடுப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டாள். நப்தலி மாமா என்றான் ஒபுரா. கோரையை எப்போது வெட்டினாய் என்று கேட்டாள். கழுகு காட்டி முடித்துத் திரும்பும் வழியில், விசிறி பின்னுவதற்குப் பெண்கள் கேட்டார்கள் என்று வெட்டினேன் என்றான். சொல்லிவிட்டு அவனே நிமிர்ந்தான்.

ஏறும்போதே களவு போன பல் எப்படித் திரும்பும்போது கோரையைக் கடிக்கும்? அக்கா தல்மாஸின் தோளில் தட்டினாள். அவனுக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது பொருள் இன்னொரு தண்டு. விரல் நீளம், அளவாக நறுக்கியது. அதில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மீன் வயிற்றில் இருந்ததை யாரோ உருவிப் போட்டிருக்கிறார்கள்.

"படகுக்காரன் இதை உருவ மாட்டான்," என்றாள் அக்கா. "உருவினா முங்கிடும்னு அவனுக்குத் தெரியும். இது எதுக்கு இருக்குன்னே தெரியாத ஆளுதான் உருவுவான். மீன் வயித்துல வேற எதையோ வைக்க இடம் தேடினவன். டேய் ஒபுரா, மிச்ச மீனை என்ன பண்ணப் போறேன்னு அவங்ககிட்ட சொன்னே?"

மிச்சமிருப்பது உங்கள் வீட்டுக்குத்தான் மாமா, கொண்டுபோங்கள் என்று நப்தலியிடம் சொல்லியிருக்கிறான். மீன் தன்னோடு ஊர் வந்து சேரும் என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார். இப்போது அந்த மீன் சட்டி எங்கே என்று அக்கா கேட்டாள். தல்மாஸ் மறுபடியும் முகப்பைப் பார்த்தான்.

"அது... ஒபுரா அம்மா இன்னும் ரெண்டு மீன் வறுத்தா நல்லாருக்கும்னாங்க. குடுத்துட்டேன்."

கரைக்குத் திரும்பியபோது எஞ்சின் அலறிய அலறலில் நாரைகள் எல்லாம் எழுந்துவிட்டன. அக்காவைத் தோளில் வைத்துக்கொண்டு நான் ஓடியது அதற்கு முன்னும் இல்லை, இனியும் இல்லை. குடையால் என் முதுகில் தட்டி வழி சொன்னாள். சமையல் கொட்டகைக்குள் நாங்கள் நுழைந்தபோது ஒபுராவின் அம்மா ஒரு மீனை வாலைப் பிடித்து எண்ணெய்க்கு நேராகத் தொங்கவிட்டிருந்தாள். அக்கா விரித்த குடையைச் சட்டிக்கு மேல் நீட்டிவிட்டாள்.

வயிற்றை விரித்தோம். உள்ளே மேல்வரிசை முழுக்க, பளபளவென்று, எங்களைப் பார்த்துச் சிரித்தது.

ஒபுராவின் அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "நம்ம ஏரி மீனுக்கு இவ்வளவு அழகா பல்லு கிடையாதே," என்றாள்.

ஓடிப்போய் ஜாஃபெத்தின் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு வரலாம் என்றேன் நான். அக்கா தடுத்தாள். பல் கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு மனிதர் தன் பல்லைத் தானே ஏன் ஒளிக்கிறார் என்பது கிடைக்கவில்லை என்றாள். அதை அறியாமல் கொடுத்தால் மறுபடி ஒளிப்பார். அடுத்த தடவை எந்த வயிற்றில் தேடுவது?

நப்தலி கவிழ்த்துப் போட்ட பழைய படகு ஒன்றின் மேல் தனியாக உட்கார்ந்து, மரத்திலிருந்த கழுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் அந்தச் சக்கையைப் பலகையில் வைத்தாள். அவர் அதை எடுத்துப் புரட்டினார். கோரை இனிப்பாகவே இல்லை என்றார். பல் இல்லாத வாயிலிருந்து காற்றும் எச்சிலுமாகத்தான் வந்தது. அதற்குள் எங்களுக்குப் பழகிவிட்டது.

மெல்ல எல்லாம் வந்தது. ஒபுரா படகை விற்றுவிட்டுக் கரும்பாலையில் வேலைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் பெண் இல்லை. பாயில் உட்கார்ந்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்று தம்பி அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பெண்ணைப் படகுக்கு இளைய தாரமாக அனுப்ப மாட்டேன் என்பது தம்பியின் வீம்பு. காலையில் வேனில் வரும்போது அது நியாயமாகத்தான் பட்டது. பிறகு கழுகு வந்தது. அதன் சிறகுக் காற்று அவர் முகத்தில் அடித்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்து சிரித்தாராம். திரும்பும்போது ஒபுரா படகின் ஓரத்தைத் தட்டி, இன்னும் கொஞ்ச தூரம்தாண்டி, களைச்சுப்போயிட்டியா என்று பேசினானாம்.

"அதை வித்துருன்னு சொல்ற வாயை நான் எங்க கொண்டுபோய் வைக்கறதும்மா? மீன் வயித்துல வச்சேன்."

பல் இல்லாமல் போனால் பேச்சைத் தள்ளிப்போடுவார்கள், அதற்குள் தம்பியின் சூடு ஆறிவிடும் என்று நினைத்திருக்கிறார். தம்பி அதைத் திருட்டாக்குவான் என்று நினைக்கவில்லை. கேட்டபோது பல்லைக் கோட்டுப் பையில் வைத்திருந்ததாக ஒரு பொய் சொல்லிவிட்டு, வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். இனி உண்மையைச் சொன்னால் சத்தியம் மீறினவர். சொல்லாவிட்டால் ஒரு பையனைக் கெடுத்தவர்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பெண்ணைப் பெற்றவர் கொடுத்த வார்த்தையைப் பேச்சாளர் சொல்லாமல் விடக் கூடாது. சரி. அதைச் சொன்ன பிறகு சொந்தமாக ஏதாவது சொல்லலாமா?

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். வாயைப் பொத்தியிருந்த கை கீழே இறங்கியது.

பாய் விரித்தார்கள். ஜாஃபெத் சாப்பிட மட்டும்தான் உட்காருகிறேன் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வழக்கப்படி அவர் வாய் அடைந்தது. வெளியே வேன் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. களி வந்தது, கீரை வந்தது. பெரிய மீனை ஒபுராவின் அம்மா நப்தலியின் முன்னால் வைத்தாள். வறுத்த பிறகு அதன் வயிற்றில் அக்கா ஒரு சின்ன வேலை செய்திருந்தாள்.

நப்தலி மீனைப் பிட்டார். பல்செட்டு தட்டில் டக்கென்று விழுந்தது.

டோர்கஸ் அக்கா எழுந்து, டிக்கெட் கேட்கிற அதே குரலில் தன் முடிவை அறிவித்தாள். பெரியவர் கழுகைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். சட்டியில் வயிறு கீறிய மீன் இருந்திருக்கிறது. விழுந்தது அங்கே விழுந்திருக்கிறது. படகில் எவன் கையும் படவில்லை. கோட்டுப் பை என்றது தடுமாற்றத்தில் சொன்னது. மறுக்கிறவர்கள் மறுக்கலாம் என்று சொல்லிவிட்டு ஜாஃபெத்தையே பார்த்தாள். அவர் மறுக்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

நப்தலி சுவர்ப் பக்கம் திரும்பிப் பல்லை மாட்டிக்கொண்டார். மிளகாய் ஏறியிருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்துவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"என் தம்பி ஒரு வார்த்தை குடுத்திருக்கான். மாப்பிள்ளை படகை வித்துட்டு எங்க ஊர் ஆலைக்கு வேலைக்கு வரணும்கறான். சொல்லிட்டேன். என் சத்தியம் தீர்ந்தது."

ஒபுராவின் கையிலிருந்த களி உருண்டை நின்றுவிட்டது. கதவோரம் அக்கேலோ நிற்பது எனக்குத் தெரிந்தது. ஜாஃபெத் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப நான் என் சொந்த வாயால பேசறேன்," என்று நப்தலி இடது கையைத் தூக்கிக் காட்டினார். "ஆலை என்கிட்டருந்து ரெண்டு விரலை வாங்கிச்சு. இன்னிக்கு வரைக்கும் குடுக்கல. இந்த ஏரி காலையில என் பல்லை வாங்கிச்சு, சாப்பாட்டுக்குள்ள திருப்பிக் குடுத்துருச்சு. எதுகிட்ட பையனை விடலாம்னு நீங்களே சொல்லுங்க. படகு இருக்கட்டும். மாட்டுக் கணக்கைப் பேசுவோம்."

முதலில் சிரித்தது பெண் வீட்டுக் கிழவர் ஒருவர். அப்புறம் கொட்டகையே சிரித்தது. ஒபுரா தலையைக் குனிந்துகொண்டு களியைத் தின்றான், எதையும் தொட்டுக்கொள்ளாமல். கதவோரத்தில் இப்போது யாரும் இல்லை. உள்ளே பெண்கள் குலவையிடும் சத்தம் கேட்டது.

ஜாஃபெத் வாயைத் திறந்தார். எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். வாயில் எல்லாப் பல்லும் இருந்தும் பேச முடியாத மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் அவர் எழுந்து வேனைக் கை காட்டினார், புறப்படலாம் என்கிற மாதிரி. அந்த நேரம் பார்த்து வேன் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. காலையிலிருந்து ஓடியதில் டீசல் காலி.

நப்தலி கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். டீசல் வாங்கப் படகில்தானே போக வேண்டும், போகிற வழியில் அந்தக் கழுகு இன்னும் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்று சொல்லிக் குனிந்தேன். தோளில் ஏறியவர் ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டார், மறு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிச்சா விழுந்துரும்," என்றார்.